ஓநாயின் மீது சுமத்திய பழி: அண்மைக்கால அரபு நாவல்களில் விந்தையும் துப்பும்

'அஜப்' எனும் அரபுச் சொல்லுக்கு ஸகரிய்யா அல்கஸ்வீனீ (மறைவு: ஹி. 682 / கி.பி. 1283) தமது 'அஜாயிபுல் மக்லூகாத்' நூலின் முகப்பிலேயே இலக்கணம் வகுத்துவிடுகிறார். ஒரு பொருளின் காரணத்தையோ, அது செயற்படும் விதத்தையோ அறிய இயலாதபோது மனிதனைப் பற்றிக்கொள்ளும் திகைப்பே அஜப் என்பது அதன் சாரம். தேன்கூட்டை முதன்முதலாகக் காண்பவனை அவர் எடுத்துக்காட்டுகிறார். அளவுகோலும் கவராயமும் இல்லாமல் இத்துணைச் சிறிய உயிர் அறுகோண அறைகளை எப்படிக் கட்டியது என்று அவன் மலைத்து நிற்கிறான். நாள்தோறும் பார்த்துப் பழகியவனுக்கோ அதில் மலைக்க ஒன்றுமில்லை.

இவ்விலக்கணத்திற்குள் இக்கால நாவலின் இரண்டு வகைகள் அடங்கிக் கிடக்கின்றன எனலாம். காரணம் அறியாத் திகைப்பில் வாசகனை நிறுத்திவைப்பது ஒரு வகை. அதனை 'மாய யதார்த்தம்' என்கிறார்கள். அதே திகைப்பிலிருந்து புறப்பட்டுக் காரணத்தைத் தேடிச் செல்வது மற்றொன்று. அது துப்பறியும் நாவல், மர்ம நாவல் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. முன்னதை உயர்ந்தோர் இலக்கியமாகவும், பின்னதை இரயில் பயணத்திற்கு உரியதாகவும் பிரித்து வைத்திருப்பது நமது விமர்சன வழக்கம். அரபு நாவலாசிரியர்களில் சிலர் இப்பிரிவினையைப் பொருட்படுத்தவில்லை. 2010 முதல் வெளிவந்த அத்தகைய நாவல்களுள் நாம் விரும்பிப் படித்த சிலவற்றை வாசகர்களுக்குப் பரிந்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் பெயர் குறித்து ஒரு சொல். ஜெர்மானியக் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ 1925 இல் ஓவியத்தைக் குறித்து ஆண்ட சொற்றொடர் இது. பின்னர் இலத்தீன் அமெரிக்க நாவலின் உடைமையாகிவிட்டது. அரபு விமர்சகர்கள் இதனை 'அல்வாகிஇய்யத்துஸ் ஸிஹ்ரிய்யா' என்று மொழிபெயர்த்தனர். ஸிஹ்ர் என்றால் சூனியம்; பெரும்பாவங்களுள் எண்ணப்படுவது. மார்க்கப்பற்றுள்ள வாசகர் இந்நாவல்களைக் கண்டு ஒதுங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பெயர்தான். தமிழிலும் 'மாயம்' என்பது பொய்த்தோற்றத்தையே குறிக்கும். ஜின்களும் மலக்குகளும் நமக்குப் பொய்த்தோற்றங்கள் அல்லர். அவர்கள் 'கைப்', அதாவது மறைவானவை. இறைநேசரின் கராமத் கண்கட்டு வித்தை ஆகாது. 2013 இல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' எனத் தமிழுக்கு வந்த மார்க்கேஸின் நாவலில் ஓர் இளம்பெண், காயப்போட்ட விரிப்புகளோடு வானேறிச் செல்கிறாள். மனாகிபு மஜ்லிஸ்களில் வளர்ந்த வாசகரை இது அவ்வளவாக உலுக்காது. அவரைத் தூக்கிவாரிப் போடுவது அடுத்து வருவது: தன் விரிப்புகள் போய்விட்டனவே, அவற்றைத் திருப்பி அனுப்பு இறைவா என்று வீட்டிலுள்ள இன்னொருத்தி பிரார்த்திக்கிறாள். மனித மனத்தின் சிறுமை இவ்வளவு துல்லியமாகப் புலப்படுவதற்கு அந்த வானேற்றம் வேண்டியிருந்தது. எனவே 'மாயம்' என்பதைக் காட்டிலும் 'விந்தை' என்னும் சொல்லை நாம் விரும்புகிறோம்.

விந்தையும் துப்பும் சந்திக்கும் இடத்தில் எதை நன்று எனக் கொள்வது? நாம் கைக்கொள்ளும் அளவுகோல் சூரா யூஸுஃபிலிருந்து பெற்றது. சகோதரர்கள் பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையோடு தந்தையிடம் வருகிறார்கள். பழியை ஓநாயின் மீது போடுகிறார்கள். யஃகூப் (அலை) அதனை நம்பவில்லை. சட்டை கிழியாமல் இருந்ததை அவர்கள் கவனித்தார்கள் என விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். அதே சூராவில் பிறிதோரிடத்தில், சட்டை முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்பதைக் கொண்டு உண்மை தீர்மானிக்கப்படுகிறது. சட்டை சாட்சி சொல்கிறது. ஓநாய் பழி சுமக்கிறது. சூரா அல்பகராவிலோ, கொல்லப்பட்டவனின் உடலைப் பசுவின் ஒரு பகுதியால் அடிக்குமாறு கட்டளை வருகிறது. அவன் எழுந்து கொலையாளியைச் சுட்டினான் என்பது தஃப்ஸீர்களில் காணப்படும் செய்தி. அங்கே அற்புதமே சாட்சியாகிறது. ஆகவே நாவலில் பிணத்தினருகே ஒரு ஜின்னோ, ஆவியோ, விந்தையோ வந்து நிற்கும்போது நாம் கேட்க வேண்டிய வினா இது: வந்திருப்பது சட்டையா, ஓநாயா?

இவ்வினா அரபுக் கதை மரபுக்குப் புதிதன்று. 'ஆயிரத்தொரு இரவுகளில்' வரும் மூன்று ஆப்பிள்களின் கதையில் தஜ்லா நதியிலிருந்து ஒரு பெட்டி எடுக்கப்படுகிறது. உள்ளே துண்டாடப்பட்ட ஒரு பெண்ணின் உடல். கொலையாளியை மூன்று நாளில் பிடிக்காவிட்டால் தூக்கு என்று கலீஃபா ஹாரூன் ரஷீத், அமைச்சர் ஜஅஃபருக்கு ஆணையிடுகிறார். ஜஅஃபர் செய்தது என்ன? வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். உண்மை தானாகவே வந்து சேர்கிறது. உலகின் முதல் துப்பறியும் கதைகளுள் ஒன்று என இதனைச் சொல்வோர் உண்டு. அதன் துப்பறிவாளர் துப்பே அறியவில்லை என்பதை மட்டும் அவர்கள் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். நஜீப் மஹ்ஃபூழ் 1961 இல் வெளியிட்ட 'அல்லிஸ்ஸு வல்கிலாப்' (திருடனும் நாய்களும்) கொலையும் துரத்தலுமாக விரைந்து செல்லும் நாவல். 'லயாலீ அல்ஃபி லைலா'வில் அவரே ஜின்னைக் கொண்டுவந்து ஒரு வணிகனைக் கொலைக்குத் தூண்டவைத்தார். இரண்டு பாதைகளும் ஓர் ஆசிரியரிடமே இருந்தன. அவை ஒரே நாவலுக்குள் பிரிக்கமுடியாதபடி கலந்தது அடுத்த தலைமுறையில்தான்.

ஓமானிய எழுத்தாளர் ஜோகா அல்ஹாரிஸீ 2010 இல் வெளியிட்ட 'ஸய்யிதாத்துல் கமர்' (நிலவின் சீமாட்டிகள்), அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக 2019 ஆம் ஆண்டின் சர்வதேச மேன் புக்கர் பரிசைப் பெற்றது. அரபியிலிருந்து அப்பரிசை வென்ற முதல் நூல். மூன்று சகோதரிகளின் திருமணங்கள், அடிமை முறை ஒழிந்த பின்னும் அதன் நிழல் விலகாத ஒரு கிராமம் என்றே பலரும் இந்நாவலைப் பற்றி எழுதினர். நம்மைப் பற்றிக்கொண்டது வேறொன்று. விமானத்தில் அமர்ந்திருக்கும் அப்துல்லாஹ் எனும் பாத்திரத்தின் நினைவில் அவனுடைய தாயின் மரணம் திரும்பத் திரும்ப வருகிறது. முற்றத்திலிருந்த துளசிச் செடியை அவள் பிடுங்கினாள், அதனால் சினம்கொண்ட ஜின் அவளைக் கொன்றது என ஊர் சொல்லிவைத்திருக்கிறது. பக்கங்கள் நகர நகர வேறொரு கதை கசிகிறது: அவளுக்கு நஞ்சூட்டப்பட்டிருக்கலாம், கை வீட்டுக்குள்ளிருந்தே நீண்டிருக்கலாம். நாவல் எவரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஜின் என்ற சொல்லை ஒரு குடும்பம் எத்துணை வசதியாகக் கையாள முடியும் என்பதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஜின் உண்டு என்பது நமது நம்பிக்கை. அதனாலேயே, செய்யாத கொலையை அதன் தலையில் கட்டுவதைக் கண்டு சினம்கொள்ள வேண்டியவர்களும் நாமே. ஓநாய் குற்றமற்றது என்பதை உணர்த்துவதற்காகவே எழுதப்பட்ட பக்கங்கள் போல அவை நமக்குத் தோன்றின.

இதற்கு நேர் எதிரே எகிப்தியரான அஹ்மத் முராதின் 'அல்ஃபீலுல் அஸ்ரக்' (நீல யானை, 2012) நிற்கிறது. கெய்ரோவின் அப்பாஸிய்யா மனநல மருத்துவமனை; குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளின் கூடம்; ஐந்தாண்டுகளுக்குப் பின் பணிக்குத் திரும்பும் மருத்துவர் யஹ்யா; மனைவியைக் கொன்றதாக அங்கே கொண்டுவரப்பட்டிருக்கும் அவருடைய பழைய நண்பர். கையிலெடுத்தால் கீழே வைக்க முடியாது. 2014 இல் திரைப்படமாகிப் பெருவெற்றி கண்டதில் வியப்பில்லை. உரையாடலின் கூர்மையும், மருத்துவமனையின் அன்றாடமும் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் போதை மாத்திரையா, ஜின் பிடித்தலா எனும் இரண்டு வாசல்களுக்கிடையே கதை ஓட ஓட, கொலையுண்ட பெண் மறக்கப்படுகிறாள். சித்தம் கலங்கியவனின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பது ஃபிக்ஹு நூல்கள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்த வினா. எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவரைப் பற்றிய நபிமொழி நம் மாணவர் எவருக்கும் தெரியும். அவ்வினாவின் வாசல்வரை சென்ற ஆசிரியர், பச்சை குத்திய ஓவியத்திலிருந்து புறப்படும் ஒரு ஜின்னைக் கொண்டு அதனை மூடிவிட்டார். விறுவிறுப்பை நாடுவோர் தாராளமாகப் படிக்கலாம். நமது அளவுகோலில் இது ஓநாயின் கதை.

'நீல யானை' 2014 இல் அரபுப் புனைகதைக்கான சர்வதேச விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தது. அவ்வாண்டு விருதை வென்றது ஈராக்கியரான அஹ்மத் ஸஅதாவீயின் 'ஃபிரான்கென்ஸ்டைன் ஃபீ பக்தாத்' (2013). அன்பர்கள் ஒரேயொரு நாவலைத்தான் படிக்க இயலும் என்றால் இதனையே நாம் கைகாட்டுவோம்.

காலம் 2005. ஆக்கிரமிப்புப் படைகளும், நாள்தோறும் வெடிக்கும் கார்க் குண்டுகளும் நிறைந்த பக்தாத். பதாவீன் பகுதியில் ஹாதீ எனும் பழம்பொருள் வியாபாரி, கொஞ்சம் குடிகாரன், நிறையக் கதையளப்பவன். அவனுடைய தோழன் ஒரு குண்டுவெடிப்பில் சிதறிப்போகிறான். அதன்பின் ஹாதீ வீதிகளில் கிடக்கும் உடலுறுப்புகளைப் பொறுக்கியெடுத்து வந்து தைக்கத் தொடங்குகிறான். மேரி ஷெல்லியின் 1818 ஆம் ஆண்டு நாவலில் விஞ்ஞானி உடலை உருவாக்குவது அறிவுச் செருக்கினால். ஹாதீயின் நோக்கமோ வேறு: சிதறிய துண்டுகள் குப்பையாக எறியப்படக்கூடாது, முழு உடலாக இருந்தால்தான் மனிதர்கள் அதனை மய்யித்தாக மதித்து அடக்குவார்கள்.

இவ்விடத்தில் மதரஸாவில் ஓதிய வாசகர் நிமிர்ந்து உட்காருவார். ஏனெனில் இது ஃபிக்ஹின் ஜனாஸாப் பாடத்தில் நாம் கடந்துவந்த மஸ்அலா. உடலின் ஓர் உறுப்பு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? உரியவர் இறந்துவிட்டது உறுதியெனில் அந்த உறுப்பையும் குளிப்பாட்டித் தொழுவிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. உடலின் பெரும்பகுதியோ, தலையுடன் கூடிய பாதியோ கிடைத்தாலன்றிக் குளிப்பாட்டுதலும் தொழுகையும் இல்லை, துணியில் சுற்றி அடக்கிவிட வேண்டும் என்பது ஹனஃபீ நிலை. பாடம் நடத்துகையில் இது எங்கோ என்றோ நிகழக்கூடிய அபூர்வம் போலக் கடந்துபோகும். பக்தாதின் ஒரு வீதியில் அது காலைதோறும் எழும் கேள்வியாக இருந்தது. சட்டம் அறியாத ஒரு குடிகாரன், ஊசியும் நூலும் கொண்டு அக்கேள்விக்கு விடைகாண முயல்கிறான். இந்த ஓர் உருவகத்திற்காகவே ஸஅதாவீயை நாம் கொண்டாடுவோம்.

தைத்த உடலுக்குள், குண்டுவெடிப்பில் உடலே எஞ்சாமற்போன ஒரு விடுதிக் காவலனின் உயிர் வந்து புகுந்துகொள்கிறது. அக்கம்பக்கத்தார் பறக்கத்து உடையவள் என நம்பும் ஆஷூரியக் கிறிஸ்தவ மூதாட்டி எலீஷ்வா, ஈரானுடனான போரில் காணாமற்போன தன் மகன் தானியேல்தான் திரும்பிவிட்டான் என்று அதனை வீட்டுக்குள் அழைக்கிறாள். இந்த அழைப்பின் மென்மையை நாவல் முழுவதும் மறக்க முடிவதில்லை. அந்த உடல் பழிவாங்கப் புறப்படுகிறது. எந்த உறுப்புக்குரியவனைக் கொன்றவன் கொல்லப்படுகிறானோ, அந்த உறுப்பு தன் கடமை முடிந்ததென்று அழுகி விழுகிறது. நின்றுபோகாமல் இருக்க மாற்று உறுப்பு வேண்டும். முதலில் நிரபராதிகளின் சதை; பிறகு குற்றவாளிகளின் சதையும் வந்து கலக்கிறது; பிறகு மாற்று உறுப்புக்காகவே கொலை. கிஸாஸ் எனும் நீதி, அதனை நிறைவேற்ற அதிகாரம் பெற்ற காழீ இல்லாத நகரில் எவ்வாறு அறுந்த சங்கிலியாகிக் கொலையாகவே பெருகும் என்பதை, இதைவிடத் தெளிவாக ஒரு சட்ட நூல் விளக்கிவிட முடியாது.

துப்பறியும் பகுதியும் இருக்கிறது. அதில்தான் ஆசிரியரின் குறும்பு. கொலைகளை விசாரிக்கும் அரசுத் துறையின் பிரிகேடியர் ஸுரூர், சோதிடர்களைச் சம்பளத்திற்கு வைத்திருக்கிறார். நாவலில் நாம் நகைத்துவிட்டு உடனே வெட்கப்படும் இடங்கள் இவை. உருவத்தின் வாக்குமூலமோ ஒரு பத்திரிகையாளனின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகிறது. குறி சொல்பவர்களிடம் துப்பு, கொலையுண்டவர்களின் உறுப்புகளிடம் வாக்குமூலம் என்று எல்லாம் தலைகீழாகிவிட்ட நாட்டில், சட்டை பேசுகிறது. இறுதியில் யார் மீது பழி விழுகிறது என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறோம். பிற்பகுதியில் பத்திரிகை அலுவலக வாழ்க்கை சற்று நீண்டுவிட்டது என்பது ஒன்றே நமது குறை.

மக்காவில் பிறந்த ரஜா ஆலிமின் 'தவ்குல் ஹமாம்' (புறாக்களின் கழுத்து வளையம், 2010) இதனினும் கடினமான நூல். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்மின் புகழ்பெற்ற காதல் நூலின் பெயரை நினைவூட்டும் தலைப்பைக் கொண்டது. 2011 இல் மொராக்கோவின் முஹம்மத் அல்அஷ்அரீயுடன் அதே விருதைப் பகிர்ந்துகொண்டது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் இவரே. மக்காவின் அபுர் ருஊஸ் சந்தில் ஓர் இளம்பெண்ணின் ஆடையற்ற உடல் கிடக்கிறது. அவள் யாரெனச் சொல்ல எவரும் முன்வரவில்லை. சொன்னால் அவமானம் தன் வீட்டுக்கு வந்துவிடும். துப்பறிய வரும் நாஸிர், காணாமற்போன பெண்களில் ஒருத்தியின் மின்னஞ்சல்களையும், ஓர் இளைஞனின் குறிப்பேடுகளையும் வைத்துக்கொண்டு இரவும் பகலும் படிக்கிறார். படிக்கப் படிக்க வழக்கை விட்டு அவற்றுக்குள் மூழ்கிப்போகிறார். கதையைச் சொல்வது யார் தெரியுமா? அந்தச் சந்தேதான். மண்ணும் சுவருமான தெரு, தன் மடியில் கிடக்கும் பிணத்தைப் பற்றிப் பேசுகிறது.

ஜடப்பொருள் பேசுவதை மேலைநாட்டார் மாயம் என்பர். மறுமையில் பூமி தன் செய்திகளை அறிவிக்கும் என்று ஸூரா அஸ்ஸில்ஸாலில் ஓதிவருவோருக்கு அது வேறாகக் கேட்கும். இங்கும் ஃபிக்ஹின் ஒரு பக்கம் திறக்கிறது. கொலையாளி தெரியாத நிலையில் ஒரு மஹல்லாவில் பிணம் காணப்பட்டால், ஹனஃபீ மத்ஹபில் அம்மஹல்லாவாசிகள் ஐம்பது பேர், தாங்கள் கொல்லவில்லை, கொன்றவனையும் அறியோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்போதும் தியத் எனும் இரத்த ஈட்டுத்தொகை அவர்கள் மீதே விழும். இதுவே கஸாமா. ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சந்தேகக் குறி இருந்தால் வாதி தரப்பே ஐம்பது சத்தியங்கள் செய்யும். வழி எதுவாயினும், பிணம் கிடந்த இடம் அப்படியே கைகழுவிவிட முடியாது என்பது சட்டத்தின் உணர்வு. ரஜா ஆலிமின் சந்தில் ஐம்பது பேர் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்குப் பகரமாகத் தெரு சத்தியம் செய்கிறது. அதே வேளையில் அந்தப் பழைய மக்கா இடிக்கப்பட்டுக் கோபுர விடுதிகளாக எழுந்துகொண்டிருக்கிறது. கொலையுண்டது ஒரு பெண்ணா, ஒரு நகரமா என்னும் ஐயம் மெல்ல எழுகிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தவர்கள், தாம் கண்ட பளிங்குத் தளத்தின் கீழ் எத்தனை சந்துகள் இருந்தன என எண்ணிப் பார்ப்பார்கள்.

நாவலின் இரண்டாம் பகுதி மத்ரீதுக்குப் பெயர்கிறது. அங்கே அதன் பிடி தளர்கிறது. மின்னஞ்சல்களில் சில, வீட்டில் எல்லோர் முன்னும் திறந்துவைக்கக் கூடியவை அல்ல என்பதையும் சொல்லிவிடுவது நமது கடமை. முதிர்ந்த வாசகருக்கு உரிய நூல்.

இவையெல்லாம் கட்டுக்கதைகள், வீண்பேச்சு, ஆலிம்களுக்கு இவற்றில் என்ன வேலை எனக் கேட்போர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஹரீரீ (மறைவு: ஹி. 516) தமது 'மகாமாத்'தின் முன்னுரையிலேயே விடையளித்துவிட்டார்: விலங்குகளும் ஜடப்பொருள்களும் பேசுவதாகப் புனைந்த கதைகளை அறிஞர் எவரும் வெறுத்தொதுக்கவில்லை, செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை. அபூ ஸைத் எனும் புனைவு நாயகனின் ஏமாற்று வேலைகளை வரிவரியாக, இலக்கணக் குறிப்புகளோடு ஓதிக் கொடுக்கும் நம் கல்லூரிகள், அதே மொழியில் நம் காலத்தில் நடந்த கொலைகளைப் பற்றி எழுதப்பட்ட நாவலைத் தொடத் தயங்குவதன் நியாயம் நமக்கு விளங்கவில்லை. தமிழ் முஸ்லிம்களின் முதல் நாவலான சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885), எகிப்தில் கடத்தப்பட்ட ஒரு குழந்தையின் கதையாகத்தானே தொடங்கிற்று? கிணற்றடியில் கிடக்கும் பிணமே முதல் அத்தியாயத்தைப் பேசும் ஓரான் பாமுக்கின் துருக்கிய நாவல் 'என் பெயர் சிவப்பு' எனத் தமிழில் 2009 இல் வந்தபோது, அதன் இஸ்தான்பூலை நம்மிற் பலர் ஏற்கெனவே அறிந்த ஊர் போலப் படித்தோம். அரபு மூலத்தை நேரே படிக்க வல்லவர்கள் அதனினும் ஒரு படி நெருங்கிச் செல்லலாம்.

மூலத்தைக் கையிலெடுப்போர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்பார்க்க வேண்டும். உரைநடை பெரும்பாலும் ஃபுஸ்ஹாதான். நஹ்வு ஸர்ஃபு தெரிந்தவர் திணறமாட்டார். உரையாடல்களும் அடைமொழிகளும் அப்படியல்ல. ஸஅதாவீயின் உருவத்துக்கு ஹாதீ சூட்டும் பெயர் 'ஷிஸ்மஹ்'. எந்த காமூஸிலும் தேடிக் கிடைக்காது. பெயர் நினைவுக்கு வராத ஆளையும் பொருளையும் ஈராக்கியர் அப்படிச் சுட்டுவார்கள். 'அவன் பேரென்ன' என்னும் கேள்வி சுருங்கி ஒரே சொல்லானது. பெயரற்ற பலருடைய உறுப்புகளால் ஆன உடலுக்கு அக்கேள்வியே பெயராக நிற்கிறது.